வலி இறங்கி உட்கார்ந்த பெஞ்சு

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, மாவு ஆலையின் சரக்குக் கொட்டகையில், தராசு என்று எல்லோரும் கூப்பிடுகிற மூட்டைத் தொழிலாளியின் முதுகுவலி அவரை விட்டு இறங்கி, சுவரோரம் கிடந்த நீளப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் அப்போது அன்றைய எழுபத்தோராவது மூட்டையை லாரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். வலிக்கு உருவம் என்று ஒன்றும் கிடையாதுதான். ஆனால் அந்தக் கொட்டகையில் சும்மா இருக்கிற எதன் மேலும் பத்தே நிமிடத்தில் மாவு படிந்துவிடும். பதினொரு மணித் தேநீருக்கு ஆட்கள் பெஞ்சுப் பக்கம் வந்தபோது, ஓரத்தில் அரை மூட்டை உயரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி ஒன்று வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், அதிலும் அவசரம் இல்லாதவர்கள், அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். தராசு பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பதினெட்டு வருஷம் கூடவே இருந்தது, தெரியாமல் போகுமா?

"அது நம்மளுதுதான். யாரும் அது மேல உக்காந்துடாதீங்கப்பா," என்றார்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயை மூடாததால் கொட்டாவி என்று பேர் வாங்கிய இன்னொரு தொழிலாளி, தள்ளி நின்றே எட்டிப் பார்த்தார். "கடிக்குமாண்ணே?"

"இதுவரைக்கும் என்னை மட்டும்தான் கடிச்சிருக்கு."

மேலாளர் வந்தார். சுற்றி வந்து பார்த்துவிட்டு, லாரிக்குப் போகிற வழியை அது மறைக்குமா என்று மட்டும் கேட்டார். மறைக்காது என்றார்கள். போய் அன்றைய அறிக்கையில் 'பெஞ்சில் ஓர் இடம் குறைவு' என்று எழுதிவிட்டு, தன் கழுத்தைத் தடவிக்கொண்டே அடுத்த வேலையைப் பார்த்தார். சனிக்கிழமைக்குள் கொட்டகையில் வேலை செய்த ஒன்பது பேருடைய வலிகளும் இறங்கிவிட்டன. கொட்டாவியின் தோள்வலி ஒல்லியாக, சுவரில் சாய்ந்து, அவரைப் போலவே அரைத் தூக்கத்தில் இருந்தது. எல்லோரிலும் மூத்தவரான மாமாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அவை இரண்டும் பெஞ்சின் ஆளுக்கொரு கோடியில், பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தன. மனிதர்கள் உட்கார இன்னொரு பெஞ்சு கொண்டுவந்து போட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் எப்படி வந்தது என்பதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

தராசு இருபத்தேழு வருஷமாக அந்த ஆலையில் மூட்டை தூக்குகிறார். ஒரு மூட்டை ஐம்பது கிலோ, ஒரு மணிக்கு ஆளுக்கு முப்பது மூட்டை. மூட்டை தோளில் ஏறிய உடனே அவர் வாயில் எடை வந்துவிடும். நூற்றைம்பது கிராம் கம்மி என்பார். எடை மேடையில் வைத்துப் பார்த்தால் அவ்வளவே குறையும். இரண்டு தடவை மேடை வேறு மாதிரிச் சொன்னது. இரண்டு தடவையும் ஆளைக் கூப்பிட்டு மேடையைத்தான் பழுது பார்த்தார்கள். அதிலிருந்து அவருடைய சொந்தப் பேர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

அவர் மனைவியைத் தெருவில் தையலம்மா என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் சறுக்கி விழுந்ததில் அவருடைய கால்கள் பேச்சுக் கேட்பதை நிறுத்திவிட்டன. கைகள் முன்னைவிட இரட்டிப்பு வேகத்தில் ஓடத் தொடங்கின. காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மாலையில் திரும்பவும் அப்படியே. ஒரு நாளைக்கு நான்கு தடவை தராசு அவரைத் தூக்க வேண்டும். ஒரே மகள் கடல் தாண்டி வேலையில் இருந்தாள், வேறு ஆள் கிடையாது. தூக்கும்போது தராசின் வாய் பழக்கத்தில் எடையைச் சொல்லிவிடும்.

"அம்பத்திரெண்டு."

"அம்பதுதான். உங்க தோள்ல ரெண்டு கிலோ மாவு ஒட்டியிருக்கு, அதைக் கழிச்சுச் சொல்லுங்க."

ஆறு வருஷமாக இந்த வழக்கு தீரவில்லை. ஆனால் தராசின் முதுகு தீர்ந்துகொண்டு வந்தது. "இன்னும் ஒரு வருஷம் இப்படியே தூக்குனீங்கன்னா உங்களைத் தூக்க ஆள் தேடணும்," என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வாரம், கத்தரிக்கோல் தேடி தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தபோது தராசு ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தார். நடக்க முடியாதவர்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. அதன் படிவம். தையலம்மா தன் முத்துமுத்தான கையெழுத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார், சேரும் தேதிக்கான கட்டம் ஒன்றைத் தவிர. தராசு இழுப்பறையை மூடிவிட்டார். அவர் பார்த்துவிட்டார் என்பது தையலம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று, ஏனென்றால் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கிற பக்கத்தில் இல்லை.

அந்த நிலைமையில்தான் ஆலைக்கு ஒன்பது பெட்டிகள் வந்தன. உடம்புக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் எலும்புச் சட்டகம் என்றார்கள். இடுப்பில் பட்டை, முதுகோடு ஓடும் இரண்டு தண்டுகள், தொடையில் பட்டிகள், கைமுஷ்டி அளவில் ஒரு மோட்டார். குனிந்தால் தாங்கும், நிமிர்ந்தால் தள்ளிவிடும். காகிதத்தில் அதற்கு மூச்சு வாங்குகிற நீளத்தில் ஒரு பேர் இருந்தது. ஆட்கள் 'இரவல் முதுகு' என்று சுருக்கினார்கள், பிறகு வெறும் 'முதுகு' ஆயிற்று. "என் முதுகை எவன்டா மாட்டிக்கிட்டுப் போனது?" என்று கத்துவது அங்கே சாதாரணம். கூடவே, தானாக ஓடி மூட்டைகளை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து நிற்கும் ரோபோ வண்டி ஒன்றும் வந்தது. வழி விட்டால் ஒழிய நகராது, கூப்பிட்டால் ஒழிய வராது என்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள்.

பெட்டிகள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, சட்டகங்களைச் செய்கிற பொறியாளர் அளவெடுக்க வந்திருந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், கழுத்தில் எந்நேரமும் அளவுநாடா. டேப் மேடம் என்ற பேர் மதியத்துக்குள் நிலைத்துவிட்டது. அளவெடுக்கிறார்கள் என்று முதல் நாளே அறிவித்திருந்ததால் ஒன்பது பேரும் குளித்து, தலை வாரி, பெட்டியில் இருந்த நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து யாராவது ஒரு கருவியோடு வந்தால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அடையாள அட்டைக்குப் புகைப்படம். ஆகவே நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளிழுத்து, கையை ஒட்டவைத்து நின்றார்கள்.

"மூச்சை விடுங்கண்ணே," என்றார் டேப் மேடம்.

"விட்டா வயிறு வந்துடும் மேடம்," என்றார் கொட்டாவி, உதடு அசையாமல்.

இப்படியாக, உலகத்தில் இல்லாத ஒன்பது பேருக்கு அளவாக ஒன்பது சட்டகங்கள் செய்யப்பட்டு வந்து சேர்ந்தன. இருக்கிற ஒன்பது பேர் மாட்டிக்கொண்டு குனிந்ததும் பட்டை வயிற்றைக் கடித்தது, பட்டிகள் தொடையை உரித்தன. ஒரே வாரத்தில் எல்லா முதுகுகளும் சுவரில் ஆணிக்குப் போய்விட்டன. நல்ல பொருளின் அருமை இவர்களுக்குத் தெரியவில்லை என்று மேலாளர் வருத்தப்பட்டார். டேப் மேடம் அப்படிச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் மாலை நாலே முக்காலுக்கு வந்து நின்றார். அன்றைய வேலை முடிந்து, வளைந்து, சரிந்து, வயிறு தளர்ந்து அவர்கள் எப்படி இருந்தார்களோ அப்படியே அளவெடுத்தார். குனியச் சொல்லி, மூட்டையோடு, மூட்டை இல்லாமல், உட்காரவைத்து எல்லாம் எடுத்தார். கடைசியில், "எங்க வலிக்குது?" என்று கேட்டார். அலுவலகப் பக்கத்திலிருந்து வந்த யாரும் அப்படிக் கேட்டு மாமா கேள்விப்பட்டதில்லை. தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று முதலில் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

திருத்தி வந்த சட்டகங்கள் தைத்த சட்டை போலப் பொருந்தின. ஆனால் தராசுக்கு வேறொரு சங்கடம் வந்தது. இரவல் முதுகு அவ்வளவு பாரத்தை வாங்கிக்கொண்டதில் மூட்டை தலையணை மாதிரி ஆகிவிட்டது. ஒன்றை லாரிக்கு அந்தப்பக்கமே எறிந்துவிட்டார். எடை வாயில் வரவில்லை. அதுவாவது போகட்டும் என்று விடலாம். அன்று மாலை வீட்டில் தையலம்மாவைத் தூக்கியபோதும் எண் வரவில்லை. தையலம்மா பயந்துபோனார். "என்னங்க, ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க? என்னாச்சு?" வழக்கு தொடுக்க எதிராளி இல்லாமல் அவர் தவித்ததைப் பார்த்து, மறுநாள் தராசு கையைப் பிசைந்துகொண்டு டேப் மேடத்திடம் போனார்.

"எடை எங்கிட்டயே இருக்கட்டும் மேடம். வலியை மட்டும் நீங்க எடுத்துக்கங்க."

டேப் மேடம் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு மூன்று நாள் ஒரு சின்னத் திருப்புளியும் மடிக்கணினியுமாகக் கொட்டகையிலேயே உட்கார்ந்து, தராசு ஒவ்வொரு மூட்டை தூக்கும்போதும் கேட்டுக் கேட்டு, ஒரு நூல் இறுக்கி ஒரு நூல் தளர்த்தினார். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. எழுபத்தோராவது மூட்டையைத் தூக்கியதும் தராசு, "நூறு கிராம் அதிகம்," என்றார். மேடையும் அதையே சொன்னது. அதை லாரிக்குள் தள்ளும்போதுதான் வலி இறங்கிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தது. எடையை வைத்துக்கொண்டு வலியை மட்டும் எடுக்க முடிந்தால், எடுத்ததை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும் என்று ஊரில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த எட்டு மாதம் நன்றாகப் போயிற்று. ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். ஆட்கள் சட்டகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். வலிகள் எழுந்து, மாவைத் தட்டிக்கொண்டு, அவரவர் ஆள் மேல் ஏறிக்கொள்ளும். ஆனால் பகல் முழுக்க உட்கார்ந்து ஓய்வெடுத்த வலி, பழைய வலி இல்லை. தையலம்மா கணவரின் முதுகைத் தடவிப் பார்த்து, "இன்னைக்குக் கொஞ்சம் இளைச்சிருக்கு," என்பார். போகப் போக அது ஏறவே சோம்பல்பட்டது. ஆலை வாசல் வரை பின்னால் நடந்து வந்து அங்கே ஏறும். பிறகு தெருமுனை வரை நடந்தே வந்தது. தையலம்மா சன்னலோரம் தைத்துக்கொண்டே அது வருகிற தூரத்தைக் கவனித்தார். இழுப்பறையில் படிவம் அப்படியே இருந்தது, தேதிக் கட்டமும் காலியாகவே இருந்தது.

மேலாளர் கெட்டவர் இல்லை. காலியாகக் கிடக்கிற அறையைப் பார்த்தால் யாரையாவது குடிவைக்கத் தோன்றுகிற மாதிரி, களைக்காத ஆட்களைப் பார்த்ததும் அவருக்கு ஒன்று தோன்றிவிட்டது. ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார். இனி ஒரு மணிக்கு ஆளுக்கு நாற்பத்தைந்து மூட்டை. மாப்பிள்ளையின் வேகத்தையும் கூட்டினார்கள். பதினொரு மணி வரை ஓடிற்று. அப்புறம் பெஞ்சில் இருந்த வலிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவசரப்படாமல் மாவைத் தட்டிக்கொண்டன. வரிசையாக வந்து, சட்டகத்துக்கும் மேலே, அவரவர் ஆள் மீது ஏறி உட்கார்ந்தன. மாமாவின் இரண்டு வலிகள்கூட அன்றைக்குச் சேர்ந்தே வந்தன. மோட்டார்கள் முனகின. பெஞ்சு வெறிச்சென்று கிடந்தது.

அன்று மாலை தராசு தையலம்மாவைப் பாதி உயரம் தூக்கி, திரும்ப நாற்காலியிலேயே வைத்துவிட்டார். ஆறு வருஷத்தில் அது நடந்ததில்லை. இன்னொரு தடவை முயன்றார். நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது.

"விடுங்க. நாற்காலியே நல்லாத்தான் இருக்கு," என்றார் தையலம்மா. அன்றைக்கு அதிலேயே தூங்கினார். தராசு பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது படிவம் இழுப்பறையில் இல்லை. மேசை மேல், மறைக்காமல், கத்தரிக்கோலின் அடியில் இருந்தது. தேதிக் கட்டத்தில் வரும் மாதம் ஒன்றாம் தேதி என்று எழுதியிருந்தது. கையெழுத்து அங்கே மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தராசு படித்தார். தையலம்மா ஒரு பட்டன் தைத்து முடித்தார். தராசு செம்பில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார். அன்றைக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

புதன்கிழமை டேப் மேடம் சட்டகங்களைப் பார்வையிட வந்தார். வந்தவர் சட்டகத்தைப் பார்க்கவில்லை, பெஞ்சைத்தான் பார்த்தார். யாரையும் எதுவும் கேட்காமல் அதில் போய் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் ஆட்கள் வேலை செய்வதைப் பார்த்தார். தலையும் புருவமும் வெளுத்துவிட்டன. பிறகு உபரியாகத் தான் கொண்டுவந்திருந்த ஒரு சட்டகத்தை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் எதிரில் நின்று அந்தப் புது வேகத்தில் இருபது நிமிடம் தூக்கினார். கழற்றியபோது அவருக்குப் புதிதாக ஒரு சின்ன வலி பிறந்திருந்தது. பூனைக்குட்டி மாதிரி கையில் அடங்கிற்று. அதை மடியில் வைத்துக்கொண்டே மேலாளர் அறையில் போய் உட்கார்ந்தார்.

ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவைப் படிக்கச் சொன்னார். வேகத்தைச் சட்டகம் அணிகிறவர்களே சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது.

"அவங்க ஒண்ணும் சொல்லலையே மேடம்," என்றார் மேலாளர்.

"நீங்க கேட்டீங்களா சார்?"

ஒன்பது பேரையும் கூப்பிட்டார்கள். அறை கொள்ளவில்லை, பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். எத்தனை மூட்டை என்று மேலாளர் கேட்டார். கொட்டாவி வாயை மூடிக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். தராசு பேசாவிட்டால் ஒன்றாம் தேதி வந்துவிடும். அவர் மாமாவின் தோளுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார்.

"முப்பது தூக்குவோம் சார். அதுல கொறை வைக்க மாட்டோம். ஆனா அஞ்சு மணிக்கு எங்கிட்ட ஒரு மூட்டைக்குத் தெம்பு மிச்சம் இருக்கணும்."

"அந்த ஒரு மூட்டை எந்த லாரிக்கு?"

"லாரிக்கு இல்ல சார், வீட்டுக்கு. வீட்ல அம்பத்திரெண்டு கிலோ இருக்கு. அதை நான்தான் தூக்கணும்."

பிறகு மாமா, பேத்தியைத் தோளில் ஏற்றி இரண்டு வருஷமாகிறது என்றார். கொட்டாவி, சாப்பிடும்போது தூங்கிவிடுவதாகவும் பெண்டாட்டி தனியாகச் சுவரோடு பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். "சுவர் உன்ன விட நல்லாக் கேக்கும்டா," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மேலாளரும்தான். அவர் எழுந்து போய், தான் ஒட்டிய தாளைத் தானே கிழியாமல் உரித்தெடுத்தார். அப்போது அவருடைய கழுத்துவலி இறங்கி மேசை ஓரத்தில் உட்கார்ந்தது. அவர் சட்டகம் எதுவும் அணிந்திருக்கவில்லை. இதற்கு டேப் மேடத்திடமும் விளக்கம் இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு பத்துக்கு வலிகள் பெஞ்சுக்குத் திரும்பின. அன்று மாலை தராசு வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, தையலம்மாவைத் தூக்கினார். கட்டில் வரை ஒரே மூச்சு.

"அம்பத்திரெண்டு."

"அம்பது," என்றார் தையலம்மா. கணவரின் தோளில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை சொன்னார்: "அம்பதுதான்."

படிவத்தை அவர் வீணாக்கவில்லை. நல்ல கெட்டித் தாள். திருப்பிப் போட்டு, சுண்ணக்கட்டியால் வரைந்து, சட்டகத்தின் தொடைப் பட்டிக்கு வேர்வை உறிஞ்சுகிற பஞ்சுத் திண்டு தைப்பதற்கான அளவு மாதிரியாக வெட்டினார். பட்டி வழுக்குகிறது என்று தராசு சொல்லியிருந்தார். ஒன்பது பேருக்கும் தைத்துக் கொடுத்தார். டேப் மேடம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு செய்த எல்லாச் சட்டகங்களிலும் அதே திண்டைச் சேர்க்கச் செய்தார். தேதிக் கட்டம் வெட்டுத்துண்டுகளோடு குப்பைக்குப் போனது.

தனக்கு அந்த வலியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று தையலம்மா சொன்னார். ஒரு சனிக்கிழமை நண்பகல், ஆலை லாரியிலேயே நாற்காலியோடு அவரை ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கொட்டாவி எடை மேடையைத் துடைத்துவைத்து, "அக்கா, வழக்கை முடிச்சுடலாமா?" என்றார். "போடா, உன் வேலையைப் பாரு," என்று தையலம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பெஞ்சின் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். தராசின் வலி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

"நீதானா அது," என்றார் தையலம்மா. "பதினெட்டு வருஷம் எங்க வீட்ல இருந்த. ஒரு நாளாவது நிம்மதியா உக்காந்திருப்பியா? அவரு என்னைத் தூக்குனப்பல்லாம் நீயும் கூட இருந்துதான் தூக்குன. ஒரு தடவைகூட என்னைக் கீழ போட விடல."

மடியிலிருந்து ஒரு சின்ன மெத்தையை எடுத்தார், அதன் அளவுக்குத் தைத்தது. தராசு வாங்கிப் பெஞ்சில் போட்டார். அது கொஞ்சம் நகர்ந்து, மெத்தை மேல் ஏறி உட்கார்ந்தது. அன்று சங்கு ஊதியபோது மற்றவை எழுந்தன, அது எழவில்லை. தராசு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். அது கையை ஆட்டியதாகக் கொட்டாவி சொல்வார், கொட்டாவி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதன் பின் தராசு பதினொரு வருஷம் வேலை செய்தார். பெஞ்சுகளுக்கு இரண்டு தடவை வர்ணம் அடித்தார்கள். வர்ணக்காரர் அந்த வலியைக் கொஞ்சம் எழுந்துகொள்ளச் சொன்னார், அதுவும் காய்கிற வரை நின்றது. புதிதாகச் சேருகிறவர்களிடம் எங்கே வேண்டுமானாலும் உட்காரு, அங்கே மட்டும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். தராசு ஓய்வு பெற்ற அன்று, டேப் மேடம் ஏற்பாடு செய்து, அவருடைய இரவல் முதுகை அவருக்கே கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதை மாட்டிக்கொண்டு இன்றும் நாளைக்கு நான்கு தடவை தூக்குகிறார். வயசாக ஆக தையலம்மா இளைத்து, இப்போது சரியாக ஐம்பது கிலோ இருக்கிறார். தராசு ஐம்பத்திரண்டு என்றே சொல்கிறார். அவர் எடை தவறிச் சொல்வது அது ஒன்றுதான்.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இருவரும் ஆலைக்குப் போகிறார்கள். தராசு பெஞ்சில் தன் வலியின் பக்கத்தில் உட்காருவார், தையலம்மா நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொள்வார். தேநீர் வரும். அன்றைய அறிக்கையில் பெஞ்சில் இரண்டு இடம் குறைவு என்று எழுதுவார்கள். பத்து நிமிடத்தில் மூவர் மேலும் மாவு படிந்து, யார் எது என்று தெரியாமல் போய்விடும். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் இருவர் தட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மூன்றாவது அங்கேயே இருக்கும்.